பேர் மாறி வந்தவர்

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமாடி?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"நீ தலைக்கு மேல நிக்காம இருந்தா முடியும்," என்றாள் சரிதா.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஐஸ் கம்பெனி ஜெயசித்ராவுடையது. மீன்பிடித் தடைக்காலம் நாளையோடு முடிகிறது. நாளை மறுநாள் விடியலில் படகுகள் கிளம்பிவிடும். ஐஸ் பாளம், துறைமுகப் பேச்சில் 'பார்', உறைய ஒரு முழு நாள் வேண்டும். தண்ணீர் நிரப்பிய கேன்கள் இறங்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி இன்றே குளிரத் தொடங்காவிட்டால், அவளிடம் ஐஸ் வாங்கும் பதினாறு விசைப்படகும் கடலூர்ப் பக்கம் போய் ஐஸ் ஏற்றிக்கொள்ளும். அப்படிப் போன வாடிக்கை திரும்பி வராது.

புதுக் கம்ப்ரசர் வந்து இறங்கியிருந்தது. அதை ஓட்ட வேண்டிய கணினிதான் முரண்டு பிடித்தது. அதன் கர்னல் பழசு.

"கர்னல்னா இன்னா?"

"வீட்டுக்குள்ள குந்திக்கினு எல்லாரையும் வேலை வாங்குற மாமியார்னு வச்சிக்கயேன். இந்த மாமியாருக்குப் புதுக் கம்ப்ரசரோட பேசத் தெரியல. அதான் மாத்தறேன்."

"மாமியாரை மாத்தலாமா? இது தெரியாம இருபது வருஷம் ஓட்டிட்டேனே!"

சரிதா சிரித்தாள். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஆறு வருடமாக இந்தக் கம்பெனியின் கணினியைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"ஆனா பழகின வழக்கம் ஒண்ணும் போவக்கூடாதுடி," என்றாள் ஜெயசித்ரா.

"போவாது. பழைய அமைப்பெல்லாம் எழுதின ஃபைலைப் புதுசு கையில குடுத்துட்டேன். தெரிஞ்சதை அது கேக்காது. புதுசா வந்ததை மட்டும் வேணுமா, வேணாமான்னு கேக்கும். நான் வேணாம்னு தட்டிக்கிட்டே போவணும்."

ஜெயசித்ரா வெளியே போனாள். கேள்விகள் வர ஆரம்பித்தன.

இது வேணுமா? வேண்டாம். இது? வேண்டாம். வெளியே வைகாசி வெயில். படகுகளுக்கு அடித்த புது பெயின்ட்டின் மணம் ஜன்னல் வழியாக வந்து அறையில் படுத்துக்கொண்டது. நாற்பது கேள்வி, அறுபது கேள்வி. சரிதாவின் விரல் மட்டும் விழித்திருந்தது. எழுத்துகள் குரலாயின, குரல்கள் ஆட்களாயின. ஏதோ கல்யாண வீட்டு வாசலில் அவள் நிற்கிறாள். உள்ளே சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் முன்பின் தெரியாதவர்களின் வரிசை, வெள்ளை வெயிலுக்குள் நீண்டு, கடலில் இறங்கி, தண்ணீரின் மேலும் போகிறது.

"இவங்களை உள்ளே விடலாமா?" என்று யாரோ கேட்கிறார்கள்.

"வேணாங்க."

"இவரை?"

நனைந்த சட்டையோடு ஒருவர். "நான் இந்த வீட்டு ஆளும்மா," என்றார் மெல்ல.

"உங்க பேர் எனக்குத் தெரியலையே," என்றாள் சரிதா. அவர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே தண்ணீருக்குள் நடந்து போனார்.

புதுக் கர்னல் தயாராகி, கணினி எழுந்தபோது மணி மூன்று. கம்ப்ரசருக்குப் பச்சை விளக்கு. ஆனால் 'தொட்டி வெப்பம்' என்ற இடத்தில் வெறும் கோடு. வெப்பம் தெரியாமல் கம்ப்ரசர் ஓடாது, அப்படித்தான் பாதுகாப்பு.

"இன்னாடி இது?"

"புதுக் கர்னலுக்குத் தொட்டித் தெர்மாமீட்டர் காதுல விழல. பழைய கர்னல் பக்கத்துலயே இருக்கு. அதுக்குத் திரும்பினா தெர்மாமீட்டர் பேசும், கம்ப்ரசர் பேசாது."

"சம்பந்தி வீட்டுச் சண்டையா? எம் பொழப்புல வந்தா நடக்கணும்?" ஜெயசித்ராவின் குரல் உடைந்தது. "ஒண்ணும் போவாதுன்னு சொன்னியே!"

அந்த நேரம் பார்த்துப் படகுக்காரர் ஆனந்தராஜ் வந்து வாசலில் நின்றார். "எனக்கு அறுபது பார் எழுதியிருக்கியாம்மா? நம்ம போட்டு, கயல்விழி."

ஜெயசித்ரா நோட்டைப் புரட்டினாள். "கயல்விழின்னு எதுவும் இல்லியேண்ணா."

"அட, என் பழைய மீன்கொடிதாம்மா. பேத்தி பொறந்திருக்கா, பெயின்ட் அடிக்கறப்பவே பேரையும் மாத்திட்டேன். போட்டு அதேதான். பேர் மாறினா வேத்தாளா?"

சரிதா நிமிர்ந்தாள். "ஒரு நிமிஷம் சும்மா இருங்க," என்றாள், யாரும் பேசாதபோதே.

பழைய ஃபைலையும் புதியதையும் அருகருகே வைத்து வரி வரியாக இறங்கினாள். தெர்மாமீட்டரின் பழைய வரி புதியதில் இல்லை. கர்னல் எழுதியவர்கள் அதற்கு வேறு பேர் சூட்டியிருந்தார்கள். பழைய பேர் தெரியாததால் புதுக் கர்னல் அதைச் சத்தமில்லாமல் உதறிவிட்டு, புதுப் பேரைச் சொல்லி வேணுமா என்று கேட்டிருக்கிறது. அவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள்.

"நீதான் துரத்துனியா?" என்றாள், சரிதா சொல்லக் கேட்ட ஜெயசித்ரா.

"நான்தான். தூக்கத்துல."

"முழிச்சிக்கினே செய்டி இப்ப."

அந்த வரிக்கு 'வேண்டும்' என்று கொடுத்து மறுபடி கட்டி எழுப்ப ஐந்து மணி ஆயிற்று. கோடு இருந்த இடத்தில் இருபத்தொன்பது என்று எண் வந்தது. பின்சுவருக்கு அப்பால் கம்ப்ரசர் உறுமியது.

"கேன்ல தண்ணி விடுங்கப்பா!" என்று கத்திவிட்டு, ஜெயசித்ரா சரிதாவின் பக்கத்தில் தரையிலேயே சாய்ந்துகொண்டாள்.

"எத்தினி?"

"இருபத்தாறு."

"கடலூர் போவ மாட்டானுங்கல்ல?"

"மாட்டாங்க. கண்ணை மூடு."

கம்ப்ரசர் குழாயின்மேல் பனி வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியது.

"இப்ப எத்தினி?"

"இருபத்திரண்டு."

"இப்ப?"

"பதினெட்டு," என்றாள் சரிதா. அடுத்ததை ஜெயசித்ரா கேட்கவில்லை.