எலிசால்தே வீட்டு மச்சம்

எங்கள் எலிசால்தே வீட்டில் பிறந்தவர்களுக்கு இடது தோளின் பின்புறம் ஒரு மச்சம் இருக்கும். காப்பிக்கொட்டை அளவு, அதே நிறம். என் அப்பாவுக்கு இருந்தது. என் தம்பி லாதிஸ்லாவோவுக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது. எங்கள் மேய்ச்சல் சீமையான தக்குவாரெம்போ பக்கத்தில் எங்கள் மாடுகளைத் தொடையிலுள்ள சூட்டுக்குறியை வைத்து அடையாளம் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு இந்த மச்சம்.

கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில், தணலில் கறி வெந்துகொண்டிருக்கும்போது, அந்த ஆண்டு பத்து வயது நிறைந்த எங்கள் வீட்டுப் பிள்ளை சட்டையை இறக்கித் தோளைக் காட்ட வேண்டும். வீட்டுக்கு மூத்தவர் மச்சத்தின்மேல் கட்டைவிரலை வைத்து "நம்மது" என்பார். அதற்குமேல் யாரும் பேசக் கூடாது.

லெயோனோர் தோளைக் காட்டியபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. என் தம்பிக்கும் பக்கத்துப் பண்ணைச் சமையல்காரிக்கும் பிறந்தவள். தம்பி அந்தப் பெண்ணை மணக்காமலே குதிரையிலிருந்து விழுந்து செத்தான். அவன் மகளை நான் வாசலுக்குள் விட்டதில்லை. அன்று அவளாகவே வந்து, நாற்பது பேர் எதிரில் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். பார்த்தேன். வீட்டுக்கு மூத்தவனாக விரலை வைத்தேன். அன்று முதல் அவளும் எலிசால்தே. கால்நடை மருத்துவம் படித்திருந்தாள்; எங்கள் மாடுகளை அவள்தான் பார்த்துவந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், அதே சூட்டு நாளில், எனக்கு மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி பேச்செடுத்தாள்.

"பெரியப்பா, மச்சத்துல ஒரு ஓரம் கறுத்திருக்கு. எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றார்."

"எடுத்துட்டு?"

"நாலு தையல் போடுவார்."

"அதைக் கேக்கல. எடுத்துட்டு எதைக் காட்டுவே?"

"மூக்கைக் காட்டுறேன். அதுவும் உங்க மூக்குதான், லாடம் மாதிரி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் சீமையில் சூட்டுக்குறியை அழிப்பது மாட்டுத் திருடர்கள் செய்யும் வேலை. அதை எல்லார் காதிலும் விழும்படி அவளிடம் சொன்னேன்.

"சரி பெரியப்பா" என்றாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அவள் தலைநகர் மொந்தேவிதேயோவில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறாள். மச்சம் இருந்த இடத்தில் ஒரு குழி. மச்சத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. நான் கோட்டும் டையும் அணிந்து போயிருந்தேன். முப்பது வருடம் சும்மா கிடந்த ஒன்று எப்படி இப்படிச் செய்யும் என்று டாக்டர் ஒலிவேராவிடம் கேட்டேன். என் பேத்தி வயதுப் பெண்; மரியாதைக்கு 'தோன்' சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

"மச்சம்னா, கட்டுக்கடங்காம பெருக ஆரம்பிச்ச செல்லுங்க, தோன் அன்செல்மோ. உடம்பு அதைக் கண்டுபிடிச்சு கிழடாக்கிடும். அதுக்கப்புறம் பெருகாது. சும்மா உக்காந்திருக்கும். அந்தக் கிழட்டுத்தனம்தான் காவல். இவங்களுக்கு அதுல ஒண்ணு காவலைத் தாண்டிடுச்சு."

"அப்போ கிழடாகிறது நல்லதுங்கிறீங்க."

"சின்ன வயசுல நல்லது. வயசாக ஆக அந்த மாதிரி செல்லு உடம்பு பூரா சேந்துடும். பெருகவும் பெருகாது, சாகவும் சாகாது, பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்."

"டாக்டர், பெரியப்பாவைப் பத்தித்தான் பேசுறீங்கன்னு நேராவே சொல்லிடுங்க" என்றாள் லெயோனோர் படுக்கையிலிருந்து. அவள் மட்டும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"ரெண்டு வருஷம் முன்னால எடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "பெரும்பாலும் அதோட முடிஞ்சிருக்கும்."

எழுந்தேன். கோட்டைக் கழற்றினேன். டையை அவிழ்த்தேன். அந்நியப் பெண் முன்னால் சட்டையைக் கழற்றியவன் அல்ல நான். தோளைக் காட்டினேன்.

"இதை எடுத்துடுங்க."

கையளவு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இது ஒண்ணும் பண்ணாது. நல்லாத் தூங்குது. எடுக்க வேண்டாம்."

"அவளுக்கு ஏதாவது உதவுமா?"

"இல்ல."

"என் ரத்தம், வேற ஏதாவது?"

"இல்ல, தோன் அன்செல்மோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

சட்டையை மேலே இழுத்தேன். விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் பட்டன் பிடிபடவில்லை. வீட்டில் அதை மருமகள் போட்டுவிடுவாள்.

"இங்க உக்காருங்க" என்றாள் லெயோனோர். கட்டில் ஓரத்தில், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவள் கட்டைவிரல் என் மச்சத்தின்மேல் வந்து நின்றது. விரலில் சூடே இல்லை.

"நம்மது" என்றாள்.

பிறகு என்னைத் திரும்பச் சொல்லி, கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட ஆரம்பித்தாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள். கழுத்துப் பட்டன் வரை கை எட்டவில்லை. இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். கை போர்வையின்மேல் விழுந்தது.

நானும் முயன்றேன். முடியவில்லை. கழுத்து திறந்தபடியே, அவள் தூங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.