நாலு விரல் தாழவேணும்

நோர்வேயை விட்டு லண்டனுக்கு வந்த சனங்கள் சட்டி பானை கொண்டுவந்தார்கள், சாமிப்படம் கொண்டுவந்தார்கள். என் மனுசன் ஞானேஸ்வரன் பனி ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ரப்பர் பட்டி, பனியில் மட்டும் ஓடுகிற வண்டி. நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் பனி விழுந்தால் பஸ் நிற்கும், பிள்ளைகள் படம் எடுக்கும், மத்தியானத்துக்குள் எல்லாம் சேறாகிவிடும். இந்தச் சனியனை எங்கே ஓடுவது? கராஜில் நான் உடுப்புக் காயப்போடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருசக்கணக்காக நிற்கிறது.

"வித்துத் தொலையுங்கோவன்" என்றால், "அது உன்னட்டைச் சோறு கேக்குதே?" என்பார்.

வருகிற மாசியில் அதை ஓட்டியே தீருவதென்று நின்றார். நோர்வேயின் வடக்கில் மீன் பக்டரியில் இவரோடு வேலை செய்த சேகர் அண்ணை தன் வான் வாகனத்தில் வந்து, வண்டியையும் ஆளையும் அங்கே ஏற்றிப்போவதாகப் பேச்சு. நானும் தலையாட்டினேன். தலையாட்டாமல் என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது வேறு. ஈரலில் கட்டி, முற்றிவிட்டது, அடுத்த கோடையைக் காண்பது சந்தேகம். இவருக்கு நோர்வே பாஷை தண்ணி பட்ட பாடு, ஆங்கிலம் கடையில் பால் வாங்கும் அளவு. மகள் கோசிகா பக்கத்தில் இருக்கும்போது வேறு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று அவரே சொல்லிவிட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"ஈரலிலை ஒரு புண்ணாம் அப்பா. குளிசையிலை மாறுமாம்."

எங்கள் ஆக்களில் யார்தான் நோயாளியிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? சொன்னால் மனம் விட்டுவிடும். மனம் விட்டால் ஆளும் போய்விடும். அதனால் வீடே கள்ளன் வீடு மாதிரி ஆனது. குளியலறையில் கிடந்த நிறை பார்க்கும் தராசை லண்டனின் மறுகோடியில், எட்மண்டனில் இருக்கும் தங்கச்சி துசியந்தி வீட்டுக்கு அனுப்பினேன். காற்சட்டைகளின் இடுப்பை அவர் நித்திரையானபின் தைத்துச் சிறிதாக்கினேன். வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "தேறியிருக்கிறியள் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிக்கொடுத்துத்தான் உள்ளே விட்டேன். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று சனிக்கிழமை காலை. தடித்த பனி உடுப்பு, சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு கராஜுக்குள் நின்றார்.

"இஞ்சேரப்பா, உன்ரை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வா. பின் ஸ்பிரிங்கைச் சரிப்பண்ண வேணும்."

"எனக்கென்ன தெரியும் உந்த மெக்கானிக் வேலை?"

"அளக்கத் தெரிஞ்சால் காணும். ஓடுற பாதை முழுக்க மேடு பள்ளம். நான் ஏறி இருக்கேக்கை பின்பக்கம் என்ரை நாலு விரல் அகலம் தாழவேணும். தாழாட்டில் ஸ்பிரிங் விறைச்சு நிக்குது எண்டு அர்த்தம். முதல் குழியிலையே ஆளைத் தூக்கி எறிஞ்சு போடும்."

பின் பம்பரை நான் தூக்கிப் பிடித்துவிட, நிலத்திலிருந்து அதன் உயரத்தை அளந்தோம். பிறகு அவர் மெல்ல ஏறி இருந்தார். ஏறவே மூச்சு வாங்கியது. அளந்தேன். ஒரு விரலும் தாழவில்லை.

"கன காலம் நிண்டு ஸ்பிரிங் இறுகிப் போச்சு" என்றார்.

"ஓமோம், இறுகாமல் என்ன செய்யும்!" என்று பாய்ந்து விழுந்து ஒத்துக்கொண்டேன்.

அந்த ஸ்பிரிங்குக்குக் கடும், நடு, மெல்லிசு என்று மூன்று நிலை. நோர்வேயில் இவர் மலை மாதிரி ஆள், எப்போதும் கடும்தான். இறங்கிப்போய் ஸ்பனர் சாவியால் நடுவுக்குத் திருப்பினார். ஏறினார். அரை விரல் தாழ்ந்தது. திரும்ப இறங்கி மெல்லிசுக்கு மாற்றினார். சாவியைத் திருப்பவே இரண்டு கையும் தேவைப்பட்டது. ஏறினார். இரண்டு விரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, தராசை ஒளித்த மூதேவி நான், இதை மறந்துபோனேனே! வீட்டுக்குப் பின்னால் இத்தனை பெரிய தராசை நிற்க விட்டுவிட்டேனே!

அவர் முன்னுக்குப் பார்த்தபடி கைபிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்னால் கராஜ் சுவர்தான் இருந்தது.

"இதுக்கு மேலை தளர்த்த ஏலாது" என்றார். பிறகு, "ஒருக்கா வடிவாய் அளந்து பார்."

நான் குனிந்தேன். ஒரு கையில் டேப். மற்றக் கையைப் பம்பரில் வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். பின்பக்கம் தாழ்ந்தது.

"நாலு விரல்! சரியாய் நாலு விரல் அப்பா! முதல் நான்தான் பிழையாய் அளந்திட்டன்."

அவர் திரும்பவில்லை.

"கையை எடு, நகுலா."

"என்ன கை?"

"எடு."

எடுத்தேன். வண்டியின் பின்பக்கம் அவரையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"புண் இல்லைத்தானே?"

நான், அழுகையை அடக்கத் தெரியாத கழுதை, டேப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"கோசிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பாவம் பிள்ளை. தன்ரை வாயாலை எனக்குப் பொய் சொல்ல வைச்சிட்டாய்." கோபமாகத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "நான் அறிஞ்சது அவளுக்குத் தெரிய வேண்டாம். உடைஞ்சு போவாள். சேகரை வரவேண்டாம் எண்டு நானே சொல்லுறன்."

இறங்க ஏலாமல் கையை நீட்டினார். இவ்வளவு உடுப்போடும் ஒரு பாரமும் இல்லை. தனியாகவே இறக்கிவிட்டேன்.

பின்னேரம் கோசி வேலையால் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே கதவைத் திறந்ததும் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இண்டைக்கு நல்லாய்த் தேறியிருக்கிறியள் என்ன?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை. நிறையும் கூடியிருக்கு. அம்மா இண்டைக்கு அளந்து பார்த்தவ."