எல்லா வண்டிக்கும் நாற்பத்தைந்து

காலை டீ ஆறுவதற்குள் பத்துப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார் சோதனைக்காரர். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள பெரிய சுற்றுலா வண்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனி அது. டயரில் காற்று எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டியது அவர் வேலை. அவரோ காற்று அளக்கும் கேஜை மேஜை இழுப்பறையில் தூங்கவிட்டு, எல்லா வண்டிக்கும் நாற்பத்தைந்து என்று எழுதினார். காற்றைக் கூட்டினால் வண்டி தூக்கிப் போடுகிறது, பாத்திரமெல்லாம் உருளுகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதால் மேனேஜர் முடிவு செய்த எண் அது.

முறைப்படி, ஆளும் சாமானும் தண்ணீரும் ஏறிய பிறகு வண்டியை எடை போட வேண்டும். அந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆறு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. மனுஷனுக்குக் குளிர்விட்டுப் போயிற்று.

அந்த வருஷம் நல்ல ஊழியர் என்று மெச்சி, குடும்பத்தோடு மூன்று நாள் போய்வரக் கம்பெனி அவருக்கே ஒரு வண்டியைக் கொடுத்தது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டையே காலி செய்வதுபோல் ஏற்றினாள். தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை நிறைந்தது. சும்மா இருக்கும் நேரத்தில் தைக்கலாம் என்று தையல் மெஷினும் பின்பக்கம் ஏறியது.

மச்சினன் ஓட்டினான். பின்சக்கரங்களுக்கு நேர் மேலே இருந்த கட்டிலில், மடியில் தூங்கும் மகளோடு சோதனைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து நிமிர்ந்தது. ஏற்றிய பாரத்துக்கு டயரில் காற்று போதவில்லை என்று அந்த வண்டிக்குள் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பின்னாடி என்னமோ அலையுது மாமா," என்றான் மச்சினன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "உங்க மாமா கையெழுத்துப் போட்ட வண்டிடா. பேசாம ஓட்டு."

கதவில் தொங்கிய படிவத்தை அவள் பெருமையோடு தட்டிக் காட்டினாள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காலாற நடக்கலாமே என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தலாம் என்றார்கள். இறங்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் அவர் மகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ரப்பர் கருகும் வாடை மேலே வந்தது. மானம் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"பிரேக்கை அழுத்தாத. மெதுவா ஓரங்கட்டு," என்றார். "டயரை நான் பார்க்கவே இல்ல."

இறங்கிப் பார்த்தார்கள். பின் டயரில் கை வைக்க முடியவில்லை. பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்குப் புடைத்திருந்தது.

மனைவி கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இந்த வண்டியை மட்டுந்தான் பார்க்கலியா?"

எதையுமே பார்க்கவில்லை என்றார் அவர். அன்று காலை கிளம்பிய மற்ற ஒன்பது வண்டிகளும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. மேனேஜருக்கு போன் செய்து, எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். சீசன் நேரத்தில் ஊரைக் கூட்டாதே, வேலை போய்விடும் என்று பதில் வந்தது. சோதனைக்காரர் பேச்சை முறித்துவிட்டு, போனில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துத் தானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வண்டியை நிறுத்துங்கள், எடை போட்டுக் காற்றுப் பிடிக்காமல் நகராதீர்கள், தப்பு என்னுடையது என்று சொன்னார். எட்டுப் பேர் எடுத்தார்கள், சிலர் திட்டவும் செய்தார்கள். ஒன்பதாவது எண் அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் போனைத் தாழ்த்தினார். மனைவி அவர் கையைப் பிடித்து அதை மறுபடி காதருகே கொண்டுபோனாள்.

"பார்க்காம போட்ட கையெழுத்து பொய்ச்சாட்சிங்க. அதை நம்பித்தான் அவங்க பிள்ளைங்களைத் தூக்கி உள்ள உட்கார வச்சிருக்காங்க. எடுக்கிற வரைக்கும் கூப்பிடுங்க."