உட்காராமல் போட்ட நாற்பது டிக்

இதில் வருவது அத்தனையும் சத்தியம். ஒரு கால்புள்ளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபமில்லை. நம்புகிறவர்கள் உட்காரலாம்.

நாற்காலிக் கம்பெனியில் அவருக்குப் பெயர் 'ஆசனம்'. வேலை, உட்காருவது. காலை எட்டரைக்கு வந்து, செய்து முடித்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்காருவார். சும்மா அல்ல. ஒரு நாற்காலிக்கு ஏழு விதம். கிளம்பப் போகிறவர் போல நுனியில், சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல நிமிர்ந்து, கெட்ட செய்தி கேட்டவர் போலத் தொப்பென்று, டாக்டர் அறை வாசலில் காத்திருப்பவர் போல இடமும் வலமும் நெளிந்து, இப்படி ஏழு. ஏழையும் தாங்கினால், பலகைக்கு அடியில் சாக்பீஸால் ஒரு டிக். அப்புறம்தான் லாரி.

இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய உடம்பு ஒரு கருவியாகவே ஆகிவிட்டிருந்தது. பசை ஒட்டுகிறவரைக் கூப்பிட்டு, "பின்னங்கால் மொறைச்சுக்கிட்டு நிக்குது. நேத்து உனக்குப் பல்வலியா?" என்பார். அவர் போய்ப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தால் இரண்டு பல் சொத்தை. பாலீஷ் போடுகிறவரிடம் ஒருநாள், "வீட்டுல விசேஷமா?" என்றார். அது பாலீஷ்காரரின் மனைவிக்கே பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிறந்தது இரட்டை என்பதை மட்டும் ஆசனத்தால் சொல்ல முடியவில்லை. அன்று அந்தப் பாலீஷில் ஒரு நாற்காலிதான் வந்திருந்தது.

இத்தனை இருந்தும் வீட்டில் அவர் பொய் சொல்லியிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். நாற்காலியில் உட்காருகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நாற்காலிக்குப் படம் வரையுற பிரிவுல தலைமை" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று யாரைத் திட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? அன்று முதல் காதில் ஒரு பென்சிலோடு வீட்டுக்குப் போனார். பென்சிலைச் சீவ வேண்டிய தேவையே வரவில்லை.

போன வருடம் மனைவியின் தம்பி, முன்னறிவிப்பு இல்லாமல், கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்துவிட்டார். பெரிய அலுவலகத்தில் வேலை. மற்றவர்கள் பிழைப்பைப் பற்றி விசாரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"அத்தான், நீங்க வரையுற எடத்தைக் காட்டுங்க."

ஆசனத்துக்கு எதிரே அன்றைக்கு அனுப்ப வேண்டிய நாற்பது நாற்காலிகள். வெளியே லாரி. மச்சானோ மதியம்வரை நகரவில்லை. அவர் கண்ணெதிரே எப்படி உட்காருவது? நின்றுகொண்டே, பென்சிலைக் கடித்துக்கொண்டே, பெரிய மேதை போல ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்துப் பார்த்து, நாற்பதிலும் டிக் போட்டார். லாரி போயிற்று.

மாலையில் பசை ஒட்டுகிறவர் வந்தார்.

"அண்ணே, இன்னைக்கு லோடுல ஒரு காலு எனக்கே சந்தேகம். எதுன்னு பாத்து வைக்கறதுக்குள்ள கலந்துட்டாங்க. எப்படியும் நீங்க உக்காந்தா தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன். நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

ஆசனத்தைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நாற்பதும் எங்கே போயிருக்கின்றன என்று ரசீதைப் பார்த்தார். மகள் படிக்கும் கல்லூரி. மறுநாள் பரிசளிப்பு விழா. மகளுக்கும் பரிசு இருந்தது.

கல்லூரிக்குப் போன் போட்டார். "நாற்காலி விஷயமா..." என்றார்.

"நீங்க யாரு பேசறது?" என்றது அந்தப் பக்கம்.

சாதாரணக் கேள்விதான். இவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் குடும்பத்தோடு போனபோது மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முன்னால் இரண்டு வரிசையில் புது நாற்காலிகள், பாலீஷ் வாசனையோடு. அதில் பெற்றோர்கள், பரிசு வாங்குகிற பிள்ளைகள், மச்சான். ஆசனம் வாசலிலேயே நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அந்த நினைப்பை நினைத்து இன்னொரு தடவை கூசினார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்க."

எழுந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நுனியில் உட்கார்ந்தார், நிமிர்ந்தார், தொப்பென்று விழுந்தார், நெளிந்தார். அடுத்தது. அடுத்தது. சிரிப்பு கிளம்பியது. மனைவி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எழுந்திரு மச்சான்."

"எதுக்கு?"

"உக்காரணும்."

"இத்தனை சேர் இருக்கு, என் மடியிலதான் உக்காரணுமா?"

பிடித்து இழுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த நாற்காலி ஏழையும் தாங்கியது. முப்பத்தெட்டு முடிந்து, முப்பத்தொன்பதாவதில் மகள் உட்கார்ந்திருந்தாள். "எழுந்திரும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். எதற்கென்று கேட்காமல் எழுந்தது மண்டபத்தில் அவள் ஒருத்திதான்.

நுனியில் உட்கார்ந்தார், நின்றது. நிமிர்ந்தார், நின்றது. கெட்ட செய்தி கேட்டவர் போல உட்கார்ந்தபோது பின்னங்கால் கழன்று, மல்லாக்க விழுந்தார். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

"அத்தான் வரைஞ்ச நாற்காலி போலிருக்கு" என்றார் மச்சான்.

"நான் வரையல" என்றார் ஆசனம், தரையில் கிடந்தபடியே. "எனக்குக் கோடுகூட நேரா வராது. உக்காந்து பாக்கறதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருஷமா அதான். இந்த நாற்பதுல மட்டும் உக்காரல. நீ பாத்துடுவியேன்னு வெக்கப்பட்டு, உக்காராமலே டிக் போட்டுட்டேன்." நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டினார். வெள்ளையாக, அழகாக, அவர் கையால் போட்ட டிக்.

சிரிப்பு நின்றுவிட்டது. மகள் குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"நீங்க உக்கார்ற வேலைன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்ப்பா. வீட்டுக்கு எந்த நாற்காலி வந்தாலும் நீங்க உக்காந்து பாத்துட்டுத்தான் என்னை உக்கார விட்டீங்க. படம் வரையறவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க."

மச்சான் சிரித்தபோதுகூட ஆசனம் தலை நிமிர்ந்துதான் கிடந்தார். இதைக் கேட்டதும் தலை தொங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எதை மறைத்தாரோ அதில்தான் பெண் நம்பி உட்கார்ந்து வளர்ந்திருக்கிறாள். எதைக் காட்டிக்கொண்டாரோ அது காதில் ஒரு பென்சில்.

அதற்கப்புறம் மண்டபத்தில் ஒருவரும் உட்காரவில்லை. முந்நூறு பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து, "ஐயா, இதுல நான் உக்காரலாமா?" என்று கேட்டார். ஆசனம் மேடையேறினார். பிறகு மிச்சமிருந்த நாற்பதாவது, பழைய நாற்காலிகள், பெஞ்சுகள், வாட்ச்மேன் முக்காலி வரை ஏழேழு தடவை உட்கார்ந்தார். பத்து மணி விழா மூன்றரைக்குத் தொடங்கியது. கடைசியாக உட்கார்ந்தவர் மச்சான், அதுவும், "அத்தான், நிச்சயமா தாங்குமா?" என்று இரண்டு தடவை கேட்டபிறகு.

திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி திட்டவில்லை, ஒரு புது சாக்பீஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஆசனம் கழன்ற காலை வேலை செய்யுமிடத்தில் கண்ணில் படும்படி மாட்டி வைத்தார். இப்போதும் ஒவ்வொரு டிக் போடுமுன் அதை ஒருமுறை பார்க்கிறார். பார்த்துவிட்டு, எட்டாவது தடவையும் உட்காருகிறார்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: அந்தக் கம்பெனியில், தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, கதவுகள் மட்டுமே செய்கிறார்கள்.