டாப்பு சரியாகும் வரை

"டாப்பு கிழிஞ்சு ஒழுகுது. சரி பண்ணி வை, வந்து எடுத்துக்கறேன்."

வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தக் கிளம்பிய மாமா, வாசலில் நின்று என் அக்காவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். காருக்காகச் சொன்னது. ஆனால் 'வந்து' என்ற சொல்லை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வருவதாகச் சொல்லியிருக்கிறாரே, அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்!

கூரையை மடித்துத் திறக்கிற கார் அது. மேலே துணி டாப்பு, பின்னால் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல். ஓட்டத் தெரியாத அக்கா அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். மெல்லிய துணியை நனைத்து ஜன்னலில் கீறல் விழாமல் துடைப்பாள். பூஞ்சை பிடித்த இடத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைப்பாள். "போனவன் போயிட்டான்க்கா, எங்கூட வந்துடு" என்று நடையாய் நடந்தேன். தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

கார் சீட்டும் டாப்பும் தைக்கிற குஷன் கடைக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். "தையலெல்லாம் இத்துப்போச்சும்மா. ஜன்னலும் மஞ்சளா மங்கிப்போச்சு. ஒட்டு போட்டா நிக்காது, மொத்தமா மாத்திடுவோம்."

பழையதைப் பிரித்து, கம்பிகளில் துருவைச் சுரண்டி, புது டாப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பொருத்தினார். போகும்போது எங்கள் இருவரிடமும் படித்துப் படித்துச் சொன்னார்: "குளிர்ல மட்டும் டாப்பை இறக்கிடாதீங்க. பிளாஸ்டிக் விறைச்சிருக்கும், மடிச்சா பட்டுனு வெடிச்சிடும். வெயில் ஏறி இளகட்டும். அப்புறம் ஜன்னல் ஜிப்பை அவுத்துப் படுக்கவச்சு, மேல துண்டு போட்டு மடிங்க."

அதற்கென்றே அக்கா ஒரு பூத்துவாலையை எடுத்து வைத்தாள். டாப்பு தயார் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமா வந்தார். கூடவே காரை விலைக்குக் கேட்கும் ஓர் ஆளும் வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார் போனால் சனியன் விட்டது. காத்திருக்க ஒன்றுமில்லாமல் போனால், அக்கா என்னோடு வந்துவிடுவாள். அவளுக்கும் ஒரு வாழ்க்கை மிஞ்சும்.

மூச்சு விட்டால் புகை வரும் குளிர் அன்று காலையில். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தாள். மாமா அவள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சாவி எங்க?"

"உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"நேரமில்ல."

சாவியைக் கொடுத்துவிட்டு, தோளில் பூத்துவாலையோடு ஒதுங்கி நின்றாள். "திறந்து காட்டுங்க" என்றார் வந்தவர். மாமா முன்பக்கக் கொக்கிகளை விடுவித்தார்.

"மாமா, வெயில் கொஞ்சம்..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், அக்கா என் கையைச் சதை பிய்கிற மாதிரி கிள்ளினாள்.

"சும்மா இரு" என்றாள், உதடு அசையாமல்.

மாமா டாப்பைப் பின்னால் தள்ளினார். பட்டென்று ஒரு சத்தம். என்னவென்று பார்க்காமல் இன்னும் அழுத்தினார். புது ஜன்னல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பிளந்துவிட்டது.

"இதை மாத்திட்டுச் சொல்லுங்க" என்று வந்தவர் நழுவிவிட்டார். மாமா குஷன் கடைக்காரரைத் திட்டினார், காரைத் திட்டினார், திட்ட வேறொன்றும் கிடைக்காமல் என்னையும் திட்டினார். பிறகு சாவியை அக்காவின் காலடியில் எறிந்தார்.

"சரி பண்ணி வை. வந்து எடுத்துக்கறேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உட்கார்ந்து பிளாஸ்டிக் சில்லுகளைப் பொறுக்கினாள்.

"உனக்குத் தெரியும்லக்கா? ஏன் சொல்லல?" என்று கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"வரேன்னு சொன்னாருல்ல? உனக்கும்தானே கேட்டுது?"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலமாகிறது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பூத்துவாலையை நான்காக மடித்துக் கார் சீட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் குஷன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஜன்னல் உடைஞ்சிடுச்சுங்க. ஆமா, திரும்ப மாத்தணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லைங்க, அவசரமே இல்ல. மெதுவாவே வாங்க."