சோழவரத்தில் ஓடிய கூடு

நாங்கள் செய்தது காரில்லை, கூடு. திருவொற்றியூரில், உப்புக்காற்று தகரத்தைத் தின்கிற கடலோரத்தில் எங்கள் கொட்டகை. டிஸ்போசல் ஏலத்தில் வந்த பட்டாளத்து வண்டி, புளியமரத்தில் மோதிச் செத்த கார், எது கிடைத்தாலும் என் வீட்டுக்காரர் தேசப்பன் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். கதவு, மட்கார்டு, கண்ணாடி எல்லாம் கழற்றி எறிந்து, உள்ளே குழாய் கொடுத்து, மேலே மெல்லிய தகரம் போர்த்தி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டு நிறுத்துவோம். எஞ்சினும் சக்கரமும் வாங்குகிறவன் பாடு. சண்டைக் காலத்தில் சோழவரத்தில் போட்ட விமான ஓடுபாதை சும்மாத்தானே கிடந்தது, அங்கே ரேஸ் விட ஆரம்பித்திருந்தார்கள். இருக்கிறவன் சீமையிலிருந்து வண்டி இறக்கினான். இல்லாதவன் எங்களிடம் வந்தான்.

அவர் வெளியே ரிவிட் அடிக்க, உள்ளே கனத்த இரும்பைப் பிடித்து முட்டுக் கொடுப்பவள் நான். ஒவ்வோர் அடியும் என் முழங்கையில் வந்து இறங்கும். அப்படிச் செய்து அனுப்பிய கூடுகளில் ஒன்றுகூட ஓடி நான் பார்த்ததில்லை. எல்லாம் கைவண்டியில் ஏறிப் பிணம் மாதிரிதான் போகும். “தகர டப்பா, இது ஓடி இன்னா ஆவப்போவுது” என்று நானே கிண்டல் பண்ணுவேன்.

தேசப்பன் எண்ணூர்க் குப்பத்துக்காரர். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுக் கட்டுமரம் கட்டினால் கடைசி முடிச்சை மட்டும் இறுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் கரையில் தேங்காய் உடைத்து, தன் கையால் இழுத்து இறுக்க வேண்டும். செய்தவன் கையே இறுக்கிவிட்டால் மரம் அவனுடையதாகவே இருந்துவிடுமாம், வாங்கியவனுக்கு உழைக்காதாம். கடலை விட்டு வந்தும் மனுஷன் இதை விடவில்லை. கூட்டில் சீட்டைத் தாங்குகிற குறுக்குக் குழாய் இருக்கிறதே, அதன் ஒரு போல்ட்டில் நட்டை விரலால் திருகியதோடு நிறுத்திவிடுவார். தேங்காய் வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். வாங்குகிறவன் வந்து உடைத்து, ஸ்பானர் போட்டு இறுக்கினால்தான் கூடு வாசலைத் தாண்டும். குனிந்து பார்க்கிறவனுக்கு எல்லா நட்டும் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

ராயபுரம் தாமஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. மனைவி மலிகா, ஒரு கைக்குழந்தை. ரேஸ் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். அவன் கூடு முடிந்த வாரம் நான் என் அம்மாவைப் பார்க்கப் புளியந்தோப்புக்குப் போயிருந்தேன். கப்பல் வந்துவிட்டதால் தாமஸுக்கு லீவு கிடைக்கவில்லை, கைவண்டிக்காரனை அனுப்பியிருக்கிறான். தேசப்பனும் அவனிடமே, “கடைசி நட்டு ஒண்ணு கீது, இறுக்கிக்கச் சொல்லு” என்று சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார். கைவண்டிக்காரன் எதைச் சொல்வான், எதை மறப்பான்!

தாமஸ் எஞ்சின் பூட்டி ரேஸுக்குப் போன அன்று காலையில் குழம்புக்குத் தேங்காய் தேடினேன். அலமாரியில் ஒன்று முழுசாக உட்கார்ந்திருந்தது.

“இன்னாயா, இது யார் தேங்கா?”

திரும்பிப் பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று. “தாமஸு தேங்காமே. வந்து ஒடைப்பான்னு பாத்தேன். வரவே இல்ல.”

“அப்போ நட்டு?”

அவர் கண் மூலையில் கிடந்த ஸ்பானருக்குப் போயிற்று.

“யோவ்! உன் கைக்கு இன்னா வாதமா? நீயே ஒரு திருகு திருகி அனுப்ப வேண்டியதுதானே?”

“நம்ம கை படக்கூடாதுமே.”

“கை படக்கூடாது, அவன் உசுரு போலாமா? குந்திகினு இருக்க பாரு, கெளம்பு!” என்று கத்தினேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற காலி விறகு லாரி கிடைத்தது. செங்குன்றம் ஏரியைத் தாண்டுகிற வரைக்கும் அவரை நான் திட்டிய திட்டுக்கு, வேறு ஆளாயிருந்தால் ஏரியில் குதித்திருப்பான்.

போய்ச் சேர்ந்தபோது ரேஸ் தொடங்கிவிட்டது. பாதையை ஒட்டிக் கட்டிய கயிற்றோரம் குழந்தையோடு நின்ற மலிகா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நல்ல சமயத்துல வந்தீங்க. இதோ வந்துருவாரு, பாருங்க!” அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னத்தைச் சொல்வேன்? நிறுத்தச் சொல்லிக் கத்துவோம் என்று கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஒரு கையைத் தூக்கினேன்.

முதலில் சத்தம் வந்தது. பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. அப்புறம் வளைவில் அது வந்தது.

அம்மாடி! எங்கள் கூடு. நான் அடித்த பச்சைப் பெயிண்ட். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, வளைவில் உடம்பெல்லாம் சாய்ந்து, நிமிர்ந்து, வெயில் அதன் முதுகில் தலையிலிருந்து வால் வரை ஒரே ஓட்டமாக ஓடிற்று. அந்தத் தகரத்தில் உள்ள ஒவ்வொரு ரிவிட்டும் என் முழங்கைக்குத் தெரியும். அதெல்லாம் சேர்ந்து இப்படிப் பறக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. தாமஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டான். நிறுத்தத் தூக்கிய கை இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

தேசப்பன் உலுக்கியதும்தான் நட்டு நினைவுக்கு வந்தது. கொடி பிடித்து நின்ற தொப்பிக்காரரிடம் ஓடினோம். “ஓரமா போம்மா” என்று விரட்டினார்.

“சாமி, அந்தப் பச்ச வண்டி. சீட்டுக்கு அடில நட்டு இறுக்கல சாமி!” என்று தேசப்பன் அவர் காலில் விழப்போனார். தொப்பிக்காரர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கறுப்புக் கொடியை எடுத்துக்கொண்டு பாதையோரம் போனார். அதைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டியாக வேண்டும். இத்தனை ஆசைப்பட்டவன் ரேஸ் இத்தோடு போயிற்று, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. உடையட்டும். உயிரைவிட ரேஸ் பெரிசா?

தாமஸ் வந்தான். கொடி ஆடியது. நிற்காமல் போனான். மறு சுற்றிலும் போனான். நான் கண்ணை மூடிக்கொண்டு திருவொற்றியூர் வடிவுடையம்மனையும் ராயபுரம் மாதாவையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்.

கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்து, முடிவுக் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினான். முகமெல்லாம் எண்ணெய், கண்ணில் தண்ணீர். “அக்கா, அது பறக்குதுக்கா! பறக்குது!” தேசப்பன் பதில் சொல்லாமல் அடியில் புகுந்தார். வெளியே வந்தவர் கையில் எதுவும் இல்லை. நட்டு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. போல்ட் பாதி கழன்று தொங்கியது. குழாய் ஒரு விரல் அளவு நகர்ந்து, தாமஸின் உடம்புப் பாரத்தில் மட்டும் நின்றிருந்தது.

விஷயத்தைச் சொன்னோம். தாமஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கறுப்புக் கொடிய பாக்கலியா தம்பி?” என்றேன்.

“பாத்தேன்க்கா. ரெண்டு வாட்டியும் பாத்தேன்.” மலிகாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். “நிறுத்த மனசு வரல.”

நிறுத்த வந்த இடத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றவள் நான், அவனை என்ன சொல்லித் திட்டுவேன்? மலிகா மட்டும் குழந்தையை அவன் மடியில் பொத்தென்று வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

தேசப்பன் போல்ட்டை நேராக்கி, யாரிடமோ கேட்டு வேறு நட்டு வாங்கி, விரலால் திருகினார். பிறகு ஸ்பானரை வழக்கப்படி தாமஸிடம் நீட்டினார். தாமஸ் குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் வாங்கினான். பிடி நிற்காமல் ஸ்பானர் கீழே விழுந்தது.

நான் அதை எடுத்தேன்.

“வேணாம்மே. நம்ம கை...” என்றார் தேசப்பன்.

“எந்தக் கைய்யா, எந்தக் கை? உள்ள முட்டுக் குடுத்தது எந்தக் கை? வாங்குனவனுக்கு ஒழைக்கலன்னா வண்டி நம்மளாண்ட திரும்பி வரட்டும். அவனும் உசுரோட திரும்பி வருவான் இல்ல?”

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். தகரம் இன்னும் சுட்டது. அடுத்த ரேஸின் அதிர்வில், ஓடி வந்த மாட்டின் விலா மாதிரி கூடு முழுக்க மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன். அப்புறம், இதற்குமேல் திரும்பாது என்கிற வரைக்கும் நட்டை இறுக்கினேன்.