குங்கிலியம் பூசிய போல்ட்டுகள்

தண்ணீருக்குப் போகிற இரும்புக்குக் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் காய்ச்சிப் பூசாவிட்டால் உப்பு தின்றுவிடும். குருமண்வெளித் துறையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். வாவியில் சனம் ஏற்றுகிற மோட்டார் லோஞ்சில் பதினாறு வருஷமாகச் சுக்கான் பிடிக்கிற அழகரத்தினத்துக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்த வேலையைத்தான் செய்தான். வினை அங்கேதான் பிடித்தது.

போன வருஷம் பழைய எஞ்சினுக்குள் ஒரு போல்ட் அறுந்து, பிஸ்டன் தண்டு லோஞ்சின் பக்கத்தையே பிளந்துகொண்டு வந்து, நடுவாவியில் லோஞ்சு மூழ்கியது. மீன் தோணிகள் பக்கத்தில் நின்றது யார் செய்த புண்ணியமோ, பதினெட்டுப் பேரும் தப்பினார்கள். அழகரத்தினத்தின் பெண்சாதி புஸ்பமும் அதில் ஒருத்தி. உடைமைக்காரர் வினாயகமூர்த்திப் போடியார் லோஞ்சைத் தூக்கிப் பழுது பார்த்து, இரண்டு மடங்கு வலுவுள்ள புது எஞ்சின் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். காத்தான்குடி மெக்கானிக் அப்துல் கபூருக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. இந்த வேகத்துக்கு உள்ளே பிஸ்டன் தண்டைப் பிடிக்கிற சாதாரண போல்ட் தாங்காது, உருக்குப் போல்ட் மாற்றினால்தான் லோஞ்சில் இறக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். போடியார் முணுமுணுத்துக்கொண்டே எட்டு உருக்குப் போல்ட்டுகளை வரவழைத்தார்.

வெள்ளிக்கிழமை கபூர் அவற்றைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே, நம்மாலான உதவி என்று அழகரத்தினம் எட்டுப் போல்ட்டின் திருகுப்புரியிலும் மெல்லிசாகக் குங்கிலியம் பூசிவிட்டான். துறைக் கொட்டகை முழுக்க எப்போதும் அந்த மணம்தான். திரும்பி வந்த கபூர் எதை மணந்து எதைக் கண்டுபிடிப்பது? போல்ட்டுகளைப் போட்டு, நட்டுகளை இறுக்கி, அடி மூடியையும் பூட்டினார்.

ஞாயிறு காலை நல்ல நேரத்தில் எஞ்சினை இறக்குவது, மத்தியானம் அக்கரை மண்டூர் முருகன் கோயிலுக்கு முதல் ஓட்டம் என்று ஏற்பாடு. துறை நிறையச் சனம். முதல் ஓட்டத்தில் ஏற இரண்டு பிள்ளைகளோடு புஸ்பமும் முன்னுக்கு நின்றாள். எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தபோது கபூர் போடியாருக்கு விளக்கம் சொன்னார். லோஞ்சுக்குள் இறக்கிவிட்டால் பிறகு அடி மூடியைக் கழற்ற வழியில்லை. ஆனால் பயப்பட வேண்டாம், இரும்பை இரும்பு நேராகப் பிடித்திருக்கிறது. இடையில் மெழுகோ பிசினோ இருந்தால்தான் ஆபத்து. இறுகினதுபோல் கை ஏய்க்கும், சூட்டில் உருகினதும் நட் தளர்ந்து போல்ட் அறும்.

அழகரத்தினத்துக்கு அந்தக் குங்கிலியம் நினைவில் தட்டியது. சொன்னால் சுக்கான் வேலை போகும். நல்ல நேரத்தைத் தப்பவிட்டவனைப் போடியார் துறைப்பக்கமும் அண்டவிடமாட்டார். சொல்லாமல் விட்டால்? புஸ்பத்தின் இடுப்பிலிருந்த சின்னவள் லோஞ்சைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். அட பாவி, பிள்ளைகள் இல்லாமல் யாருக்கடா சுக்கான் என்று தன்னையே ஏசிக்கொண்டு போய்க் கபூரின் காதுக்குள் சொன்னான்.

கபூரின் முகம் வெளிறியது. எட்டுக்குமா என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். சங்கிலியை நிறுத்தச் சொன்ன கபூர், போடியார் பக்கம் திரும்பினார்.

"என்ர மனசுக்குச் சரியில்ல போடியார். தொறந்து பாக்கணும்."

அவ்வளவுதான், போடியார் சன்னதம் ஆடினார். போல்ட் போல்ட் என்று உயிரை வாங்கிவிட்டு, நேரம் கூடிவரும்போது மனசு சரியில்லையாமே! இத்தனை சனத்துக்கு முன்னால் யாரைப் பேயனாக்கப் பார்க்கிறாய், நாளைக்கே வேறு மெக்கானிக் வருவான் என்றார். கபூர் தலை குனிந்து நின்றாரே தவிர, அழகரத்தினத்தின் பக்கம் பார்க்கவேயில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அவரில பிழையில்ல போடியார். நான்தான் போல்ட்டுக்குக் குங்கிலியம் பூசினன். உதவியெண்டு நினைச்சன்."

போடியார் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். திறந்து காட்டு என்று கபூரிடம் சொன்னார்.

எஞ்சினைக் கட்டையில் சாய்த்து மூடியைக் கழற்றினார்கள். கபூர் சாவியைப் போட்டு இழுத்தார். நட் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. இதற்குத்தானா இந்தக் கூத்து என்று போடியார் பல்லைக் கடித்தார். கபூர் எண்ணெயை எஞ்சின் ஓடுகிற சூட்டுக்குக் காய்ச்சி மெல்ல மெல்ல ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகப் பிசின் வழிந்தது. முதல் நட் இரண்டு விரலுக்கே திரும்பியது. அடுத்ததும் அப்படித்தான். போடியார் தானே குனிந்து மூன்றாவதைத் தொட்டார். அதுவும் திரும்பியது. அப்படியே மணலில் குந்திவிட்டார். முருகா என்று மண்டூர்ப் பக்கம் கைகூப்பினார்.

எட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புதிதாக இறுக்கி எஞ்சினை லோஞ்சில் பூட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கபூர் எஞ்சினை முடுக்கினார். ஒரு தட்டல் இல்லை, ஒரு உதறல் இல்லை. சனம் ஆரவாரித்தது. அழகரத்தினம் மட்டும் சால்வையைக் கக்கத்தில் இடுக்கியபடி கரையில் நின்றான். வேலை போனால் போகட்டும், பிள்ளைகள் பிழைத்தார்களே என்று நெஞ்சு லேசாகிவிட்டது அவனுக்கு.

போடியார் லோஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்காய்? வந்து சுக்கானப் பிடி. நீ போனா நாளைக்கு எனக்கு ஆரு உண்மை சொல்லுவான்?"

அழகரத்தினத்துக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றாமல் ஏறினான். கரையிலிருந்து புஸ்பம் சின்னவளைத் தூக்கி நீட்டினாள். அவன் பயமில்லாமல் இரண்டு கையாலும் வாங்கினான்.